வெள்ளைப் பூச்சு

அறையில் மூன்று பேர். கண்ணாடி முன்னால் பெரிய வீட்டு எஜமானி. பக்கத்தில், அவளுக்கு முகப்பூச்சு அரைத்துப் பூசும் வேலைக்காரி. தரையில், போர்வைக்கு அடியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். அவளுக்கு மூச்சு இல்லை.

கதவைத் தட்டியவர் அதிகாரி. இளம்பெண்களின் ரத்தத்தில் குளித்துத்தான் எஜமானி கிழடு தட்டாமல் இருக்கிறாள் என்ற பேச்சு கடைசியில் அரண்மனை வரை போய்விட்டது. மற்ற வேலையாட்கள் சிப்பாய்களைக் கண்டதுமே ஓட்டம் பிடித்திருந்தார்கள்.

"அவசரமில்லம்மா," என்றார் அதிகாரி, வெளியே நின்றபடியே. "அலங்காரத்த முடிச்சுக்கிட்டே திறங்க."

ரத்தம் ஒன்றும் கிழிக்கவில்லை என்பது வேலைக்காரிக்குத் தெரியும். ஊரே வாயைப் பிளந்த அழகெல்லாம் அவள் அரைத்த வெள்ளைப் பூச்சுதான். அதைத் துடைத்துவிட்டால் எஜமானியும் அவளைப் போலக் கன்னம் தொங்கிய ஒருத்தி. அந்த முகத்தை அவளைத் தவிர யாரும் பார்த்ததில்லை. வேலைக்காரியின் முகத்தையோ யாரும் ஏறெடுத்தே பார்ப்பதில்லை.

எஜமானி முகத்தைக் கழுவினாள். புருவம் மழிக்கும் கத்தியை எடுத்து வேலைக்காரியின் கழுத்தில் வைத்தாள்.

"பூச்ச உன் மூஞ்சில பூசிக்கோ. என் துணியப் போட்டுக்கோ. எனக்குப் பதிலா நீ போற. வாயத் திறந்தே, பண்ணை வீட்ல இருக்கிற உன் பொண்ணு இந்தப் போர்வைக்குள்ள வருவா."

அவள் பூசிக்கொண்டாள். தூக்குக்கயிறு கண்முன்னால் நின்றது; அழித்து அழித்துப் பூச வேண்டியிருந்தது.

வேலைக்காரியின் உடைக்கு மாறிய எஜமானி, பின்வாசலில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். வேலைக்காரி இரண்டு பக்க ஜன்னல்களிலும் எட்டிப் பார்த்தாள். முன்வாசலில் ஈ காக்கை இல்லை. சிப்பாய்கள் அத்தனை பேரும் வேலையாட்கள் போய்வரும் பின்வாசலில்தான் நின்றார்கள், இரும்புக் கூண்டு வண்டியோடு.

"யாரும் இல்லம்மா," என்றாள். தான் சாகப்போகிறோம், இவளும் தப்பிக்க வேண்டாம்.

எஜமானி பின்வாசலுக்குப் போகும் உள்படிக்கட்டில் இறங்கி ஓடினாள். வேலைக்காரி கதவைத் திறந்தாள். அதிகாரி உள்ளே வந்ததும், விலங்கு மாட்டட்டும் என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவர் அந்தக் கைகளைப் பார்க்கவே கூசினார். கீழே ஒருத்தி நான்தான் எஜமானி, நான்தான் எஜமானி என்று கத்துவது கேட்டது, சிப்பாய்கள் சிரித்தார்கள். கூண்டின் கதவு அறைந்து மூடியது. பூட்டு விழுந்தது.

அதிகாரி தலை குனிந்தார்.

"நீங்க உட்காருங்கம்மா. பெரிய இடத்தவங்கள யாராவது தூக்குல போடுவாங்களா? உத்தரவு உங்க வேலைக்காரி பேர்லதான்."