தாண்டாத கோடு

மருத்துவ உலகமே எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தியை, எட்டாம் நம்பர் கட்டிலருகே நின்று பெரிய டாக்டர் அறிவித்தார்.

"இந்தத் தபால்காரருக்குக் கணுக்கால் புண்ணுல சீழ். சுத்தியிருந்த சிவப்போட ஓரத்துல பேனாவால கோடு போடச் சொன்னேன். சிவப்பு அதைத் தாண்டினா, கிருமி பரவுதுன்னு அர்த்தம். நாலு நாளாச்சு, ஒரு இம்மியும் தாண்டலை!"

ஷிஃப்டுக்கு ஒருவராக வந்த நர்சுகளும் 'தாண்டவில்லை' என்றே எழுதியிருந்தார்கள். பயிற்சி டாக்டர்கள் பக்தியோடு தலையாட்டினார்கள்.

"காய்ச்சல் ஏறிட்டே போகுதே டாக்டர்," என்றாள் தபால்காரரின் மனைவி. "இவருக்கு நடந்தாத்தானே பொழப்பு?"

"நடப்பாரும்மா, ஓடவே செய்வாரு. நீங்க கோட்டை மட்டும் பாருங்க."

"அதைப் பார்க்காம இருப்பேனா? உடம்பு துடைக்கிறப்ப தினமும் அழிஞ்சிடுது. நீங்க திட்டுவீங்களேன்னு, சிவப்பு எங்க முடியுதோ அங்க நானே அழகா வரைஞ்சு வச்சிடறேன்."

நான்கு நாளில் முதல் முறையாகப் பெரிய டாக்டர் போர்வையை விலக்கினார். கோடு முழங்காலுக்கு மேலே இருந்தது.

அன்றைக்கே தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள்.