தொட்டி மண்

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன ஜெபா, ஞாயிறுதோறும் அப்பாவுக்குப் போன் செய்வது, விட்டுச்சென்ற தன் சிலந்திக்காகத்தான். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர், பெயர் ராக்காயி. மூன்று வருடமாக அதற்குக் கரப்பான் பிடித்துப் போட்டவர் அந்த அப்பா, அற்புதராஜ். இன்று காலை கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டுக் காலையும் விரித்து அது மல்லாந்து கிடந்தது. செம்பருத்தித் தொட்டியில் புதைத்துவிட்டு நிமிர்ந்தார். இனி எதற்குக் கூப்பிடுவாள்?

போன் அடித்தது.

“ராக்காயி எப்படிப்பா இருக்கா?”

“அவளுக்கென்ன, ராணியாட்டம் இருக்கா.”

“மூணு வருஷம் கழிச்சு இந்த மாசம்தான் தோலுரிப்பா. மல்லாந்து கிடந்தா செத்துட்டான்னு நெனச்சிடாதீங்க. தொடவே கூடாது.”

போனைக் காதில் வைத்தபடியே அவர் தொட்டி மண்ணை விலக்கத் தொடங்கினார்.

“நீங்க எப்படிப்பா இருக்கீங்க?”

மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள். விரல்நுனியில் மயிர் தட்டுப்பட்டது. அது அசைந்ததா, மண்தான் சரிந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.