இடது கம்பி

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. காதில் மாட்டும் இடது கம்பி மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சுகிர்தா தன் கணவனின் கண்ணாடியை இப்படி எடுத்து வருவது இரண்டு மாதத்தில் மூன்றாவது முறை.

“ஒத்தைக் கையால இழுத்துக் கழட்டினா இப்படித்தான் வளையும்மா. சாருக்கு இடது கைப் பழக்கமா?” என்றார் கடைக்காரர்.

“ஆமா” என்றாள்.

பொய். தனபாலன் வலது கைக்காரன். அதிலும் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து, சாமி படத்தைச் சுவரிலிருந்து இறக்குவதுபோல்தான் கழற்றுவான்.

“அடிக்கடி நிமிர்த்தினா ஒருநாள் ஒடிஞ்சிரும், பாத்துக்கோங்க” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் குறட்டால் கம்பியை நேராக்கினார்.

வீட்டில் தனபாலன் அதை மாட்டிப் பார்த்து, “இப்பதான் சரியா உக்காருது” என்று சிரித்தான். சுகிர்தா அவனுக்கு எதிரே போய் நின்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். வலது கையை நீட்டினாள். அது நேரே அவனுடைய இடது காதுக்குப் போயிற்று. அவள் கம்பியைப் பிடித்ததும், என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை. கண்களை மூடி, கழற்ற வாகாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தான்.