மாப்பிள்ளை வீட்டு மிட்டாய்

"சர்க்கார் ஆளுன்னா எனக்கென்னய்யா? தட்டைக் கீழ வையும்!" என்று கத்தினார் பெண்ணைப் பெற்ற தனுஷ்கோடி.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் தட்டை விடவில்லை. "இது கலப்பட மிட்டாய்னு பிராது வந்திருக்கு. புதுச் சட்டம் தெரியும்ல? ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது."

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டு இனிப்பைப் பெண் வாயில் போட்டுவிட்டால் சம்மதம் முடிந்தது. பிறகு பேச்சே இல்லை. அதை நினைத்துத்தான் தங்கபாய் காலையிலிருந்து உள்ளே அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை சங்கரலிங்கம் ராஜபாளையத்தில் மிட்டாய்க் கம்பெனி முதலாளி. அவளுக்கு அப்பா வயசு.

இன்ஸ்பெக்டர் ஒரு சிவப்பு மிட்டாயை நனைத்துத் தன் கைக்குட்டையில் தேய்த்தார். சோப்புப் போட்டுக் கசக்கியும் சிவப்பு போகவில்லை.

"இது துணிக்குப் போடுத சாயம்வே!"

"சத்தியமாச் சொல்லுதேன், இதுல நான் ஒண்ணும் கலக்கல!" என்றார் சங்கரலிங்கம்.

"அப்போ மத்ததுல?" என்று கேட்டது பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த நான்தான். கேட்காமல் இருக்க முடியுமா?

மனுசன் மிட்டாயில் சுண்ணாம்புப் பொடி கலந்து விற்றே காரை வீடு கட்டியவர், மாமனார் வீட்டுக்கென்று அன்றைக்குத்தான் சுத்தமாகச் செய்திருந்தாராம். யார் நம்புவார்? மிட்டாய் வந்த கூடைக்குச் சீல் வைத்துக் கொண்டுபோனார்கள். சம்மதமும் அதோடு போயிற்று.

அந்தக் கூடை முந்தின நாளே வந்து பெண் வீட்டு அடுக்களையில் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தம் நின்ற பெண்ணை இனி யார் கட்டுவார் என்று பயந்து, முதலில் கேட்டு வந்தவனுக்கே தனுஷ்கோடி தங்கபாயைக் கொடுத்துவிட்டார். இப்போது வத்திராயிருப்பில் குடியிருக்கிறார்கள்.

வந்தவன், தெருக்கோடிச் சாயப்பட்டறைப் பேச்சிமுத்து.