மூன்றாவது கொப்பு

ஹட்டனில் புடவைக்கடை வைத்திருக்கும் இன்சாப், கடையைப் பூட்டிவிட்டு மனைவி அஸீலாவுடன் பூண்டுலோயா பங்களா ஒன்றில் வந்து தங்கினான். அவனுக்குக் காடு ஏற ஆசை. அவளுக்குத் தூங்கினால் போதும்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் வரல்ல” என்று போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

காடு தொடங்கும் இடத்தில் வழிகாட்டி பிரதாப் ஆளுக்கொரு இலைக்கொப்பை ஒடித்து மரத்தில் தொங்கவிட்டான். “திரும்பி வர்றப்ப அவங்கவங்க கொப்ப எடுத்துறணும், மொதலாளி.”

மாலையில் வந்து பார்த்தால் மூன்று கொப்புகள் தொங்கின. தங்களுடைய இரண்டை எடுத்தார்கள்.

“யாரோ இன்னும் உள்ளதான் இருக்காங்க” என்றான் பிரதாப்.

பங்களாவில் அஸீலா காலையில் திரும்பிப் படுத்த அதே பக்கமாகவே படுத்திருந்தாள். இன்சாப் போர்வையை விலக்கினான். பாதமெல்லாம் ஈரச் சேறு. விரலிடுக்குகளில் இரத்தம் குடித்துப் பருத்த அட்டைகள்.

கண் திறக்காமலே அவள் கேட்டாள்: “இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?”