பெனிட்டா மிஸ்ஸின் ஆறு வார விடுப்பு

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, பெனிட்டா மிஸ் விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு இதயத்துல ஆபரேஷன். ஆறு வாரம் வரமாட்டேன். அதுவரைக்கும் என் முகத்தையும் குரலையும் வச்சு கம்ப்யூட்டரே இந்தச் சுவர்த் திரையில பாடம் நடத்தும்."

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். யாரும் பயப்படவில்லை. அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவ்வளவுதான்.

"நீங்கதான் திரையில வாரியளே மிஸ், பெறவு எப்படி லீவு?" என்றான் அந்தோணி.

"அது நானில்லடா."

"அப்ப யாரு?"



கடைசி பெஞ்சிலிருந்து இலக்கியா எழுந்தாள். "எங்கம்மாவும் தீபாவளிக்கு முந்தி ஆபரேஷனுக்குப் போனாவ மிஸ். அதுலேருந்து வீட்டுத் திரையிலதான் பேசுதாவ. எப்ப வெளிய வருவாவன்னு கேட்டா அப்பா அழுதாவ."

போன வாரம்தான் பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மா திரையில் வந்து, மகளின் கையெழுத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அப்படியானால் பெனிட்டா பேசியது யாரிடம்?

"நீங்க திரும்பி வந்தா, அது நீங்கதான்னு எப்படி மிஸ் தெரியும்?" என்றாள் இலக்கியா.

பெனிட்டா அவளருகே போய்க் கையை நீட்டினாள். "தொட்டுப் பாரு. தொட முடிஞ்சா நான்தான்."

இலக்கியா அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். மணி அடித்தது. மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் விடவில்லை. பெனிட்டாவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.