மாமியின் முறைப்பாடு

“டொக்டர், இவள் நடிக்கிறாள்.”

மருமகள் றொசானியை நாற்காலியில் இருத்தியதும் மாமி ஜோசப்பின் சொன்ன முதல் பேச்சே அதுதான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

றொசானி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தின நாள் வாவிக்கரையில் தோணியை விட்டு இறங்கும்போது, கால் சேற்றில் புதைந்து நிற்க உடம்பு மட்டும் திரும்பி, விழுந்துவிட்டாள். கணுக்கால் வீங்கியது. இதே ஆஸ்பத்திரியில்தான் எக்ஸ்ரே படம் எடுத்து, முறிவில்லை, சுளுக்குத்தான் என்று பண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள்.

அதிலிருந்து மாமி பேசவில்லை. அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு இருந்தது வேறு டொக்டர், டினோஷா.

“என்ன நடிப்பு, அம்மா?”

“விழுந்து அடிபட்டது கணுக்கால். இவளுக்கு நோகிறது முழங்காலுக்குக் கீழயாம். காலை ஊண்டவும் மாட்டாளாம். எல்லாம் வீட்டு வேலைக்குக் கள்ளம்.”

“உண்மையாத்தான் நோகுது மாமி.” றொசானிக்குக் குரல் உடைந்தது.

“கேட்டீங்களா? நீங்களே பாத்துச் சொல்லுங்க டொக்டர். ஒண்டுமில்லையெண்டா, இப்பவே நடத்திக் கூட்டிட்டுப் போறன்.”

டினோஷாவின் முகம் கடுத்தது. “கொஞ்சம் சும்மா இருங்க.”

குனிந்து றொசானியின் கெண்டைக்காலை இரண்டு கையாலும் அமுக்கினார். கணுக்காலில் சுரீரென்றது. வெளிப்பக்கமாக விரலை மேலே கொண்டுபோய், முழங்காலுக்குச் சற்றுக் கீழே அழுத்தியதும் அவள் நாற்காலியை இறுக்கிப் பிடித்தாள்.

இந்த முறை முழங்கால் வரைக்கும் படம் எடுத்தார்கள். வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு மேலே முறிந்திருந்தது.

“கணுக்காலில ரெண்டு எலும்பையும் சேத்துப் பிடிக்கிற தசைநாரும் கிழிஞ்சிரிக்கு. ஒப்பரேஷன் செய்யவேணும். இப்படியே நடந்திருந்தா கால் பழுதாகியிருக்கும்.” டினோஷா ஜோசப்பினிடம் திரும்பினார். “இந்தப் புள்ளையப் போய் நடிக்கிறாள் எண்டீங்களே, வெக்கமா இல்லையா?”



வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது றொசானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீங்க என்னை நம்பவே இல்ல, என்ன மாமி?”

ஜோசப்பின் அவளுடைய காலில் போர்வையைச் சரிசெய்தாள்.

“முழங்காலுக்குக் கீழயும் நோகுது எண்டு நீ நேத்தும்தான் சொன்னாய் புள்ள, ஆரு கேட்டது? நடிக்கிறாள் எண்டு சொன்னாத்தான் இவங்க காலைத் தொட்டுப் பாப்பாங்க.”